திலகவதியார் சுமந்த சுமை

திருச்சிற்றம்பலம்.

சித்திரைச் சதயமாகிய இன்று திருநாவுக்கரசு சுவாமிகளின் குருபூசைத் திருநாள். அப்பரடிகளைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் அடியேனைப் பணித்தார்கள். ஆயினும், அவரை வளர்த்தெடுத்த கைகளைப் பற்றிப் பேசவே உள்ளம் விழைகின்றது. பொறுத்தருள வேண்டும்.

திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் பிறந்த மக்கள் இருவர். மூத்தவர் திலகவதியார், இளையவர் மருள்நீக்கியார். அம்மையாருக்கு 12 வயது நிரம்பும் காலத்திலேயே கலிப்பகையார் என்னும் படைத்தலைவருக்கு மணம் பேசினார்கள். மணம் நிகழுமுன் அவர் போர்மேற் சென்றார். அதற்கிடையில் தந்தையார் மறைந்தார். தாயாரும் உடன் உயிர் நீத்தார். ஈமக்கடன் முடித்த கண்ணீர் உலருமுன் கலிப்பகையார் களத்தில் பட்டார் என்ற செய்தியும் வந்தது. அம்மையார் தாமும் உயிர்விடத் துணிந்தார். அப்பொழுது அந்தச் சிறு பிள்ளை தமக்கையின் காலில் விழுந்து, ‘நீங்களும் போவதானால் நான் உங்களுக்கு முன்னே போய்விடுவேன்’ என்ற கருத்துப்பட அழுதது. அம்மையார் நின்றார். தம்பிக்காக உயிர் தரித்தார்.

இதைக் கேட்டு நாம் மெய்சிலிர்க்கின்றோம். ஆனால், அவர் வயதை எண்ணிப் பார்த்தோமா? நம் வீட்டுப் பெண்ணை அந்த வயதில் கடைக்குத் தனியே அனுப்பத் தயங்குகின்றோமே!

அறுபத்து மூவருள் பெண்பாலார் மூவர். காரைக்காலம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார். திலகவதியார் அந்த வரிசையில் இல்லை. எனினும் 12-ஆம் நூற்றாண்டிலே பெரியபுராணம் பாட வந்த சேக்கிழார் பெருமான், நாவுக்கரசர் புராணத்தைத் தொடங்கும்போது தமக்கையாரின் துயரத்தை விரித்துரைத்த பின்னரே மேற்செல்கின்றார். எண்ணிக்கையில் இடம்பெறாத தொண்டையும் காணும் கண் அது. அந்தக் கண் நமக்கு வேண்டும்.

ஏனெனில், திலகவதியார்கள் இன்றும் நம் தெருவில் இருக்கின்றார்கள். ஆண்பிள்ளைகளும் இருக்கின்றார்கள். தந்தை பக்கவாதத்தில் வீழ்ந்திருப்பார். தாய் கூலி வேலைக்குச் சென்றிருப்பாள். படுக்கைப்புண் வாராதிருக்க இரண்டு மணிக்கொருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இரவிலும் இதைச் செய்பவர் எட்டாம் வகுப்புப் பிள்ளையாக இருந்தால், அது காலையில் பள்ளிக்கு எப்படி நேரத்தில் போகும்? வகுப்பில் உறங்கினால் சோம்பேறி என்று பெயர். வீட்டுக்கு வரும் உறவினரோ, ‘பொறுப்பான பிள்ளை’ என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் பேருந்தைப் பிடிக்கப் போய்விடுகின்றார். அந்தப் புகழ்ச்சிக்குக் காசு செலவில்லை பாருங்கள்!

வெளியே சொல்லவும் அப்பிள்ளை அஞ்சும். குடும்பத்தின் குறை ஊரறியலாகாது என்பது ஓர் அச்சம். தன்னைப் பெற்றோரிடமிருந்து பிரித்துவிடுவார்களோ என்பது மற்றோர் அச்சம். ஆதலால் ஆசிரியப் பெருமக்கள் தாமதத்தைக் கண்டிக்குமுன், ‘வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை?’ என்று தனியே அழைத்துக் கேட்டல் நன்று. 2021-ஆம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்குரிய மாத்திரைகளை இல்லம் தேடிக் கொடுக்கவும், இயன்முறை மருத்துவம் செய்யவும் வழி வகுத்தார்கள். இத்தகைய உதவியை விசாரித்து, விண்ணப்பம் எழுதிக்கொடுப்பதும் சிவத்தொண்டே.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பின்னாளில் சூலைநோயால் துடித்த தம்பி, சமணப் பள்ளியிலிருந்து ஆளனுப்பியபோது, அம்மையார் ‘அங்கு நான் வாரேன்’ என்றுதான் சொல்லியனுப்பினார். தம்பியே இரவில் நடந்து திருவதிகைக்கு வந்தார். அன்பு குறைந்தா மறுத்தார்? அன்று, சமணப் பள்ளியில் அடிவைக்க அவர் இசையவில்லை; தமக்கென ஒரு வாழ்வும், வீரட்டானத்துத் திருப்பணியும் அவருக்கு இருந்தன. பணிவிடை செய்யும் பிள்ளைக்கும் படிப்பும் விளையாட்டும் தோழமையும் உண்டு. அவற்றை விட்டுக்கொடுக்க மறுக்கும் பிள்ளையை நன்றி கெட்டது என்று ஏசுவோர், இந்த இடத்தை மீண்டும் ஒருமுறை படிக்கட்டும்.

இன்று மகேசுவர பூசை முடிந்ததும் இங்கே அன்னம் மிகும். அதில் ஒரு தூக்குச் சட்டி நிறைய எடுத்துக்கொண்டு, உங்களுக்குத் தெரிந்த அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்குச் செல்லுங்கள். நோயாளியின் அருகில் நீங்கள் ஒரு மணி நேரம் அமர்ந்துகொண்டு, அந்தப் பிள்ளையை இங்கே அனுப்பி வையுங்கள். சுவாமி புறப்பாடு எட்டு மணிக்கு.

திருச்சிற்றம்பலம்.