முசுறு எறும்பும் நம் பொது இயக்கங்களும்

(தோட்டப் பொது இயக்கங்களின் பொறுப்பாளர்களுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)

 

தலைமையும் கூட்டுப்பணியும் என்னும் பொருள் நமக்கு அளிக்கப்பட்டுள்ளது. இப்பொருள் பற்றிப் பேசுவோர் சிங்கத்தை எடுத்துக்காட்டுவது வழக்கம். சிங்கத்தை நம்மில் பெரும்பாலோர் விலங்குக் காட்சிச் சாலையில்தான் கண்டிருக்கிறோம். ஆகவே, நாள்தோறும் நம் தலைக்கு மேலேயே வாழும் ஓர் உயிரைப் பற்றிப் பேச விரும்புகிறோம். தமிழில் முசுறு என்றும் மலாய் மொழியில் கெரெங்கா என்றும் வழங்கும் செவ்வெறும்பே அது. மாமரத்திலும் ரம்புத்தான் மரத்திலும் ஏறியவர்கள் அதன் கடியை மறந்திருக்கமாட்டார்கள்.

இந்நாட்டில் ரப்பர் பயிர் பரவக் காரணமாயிருந்தவர்களுள் முதன்மையானவர் ரிட்லி. 1888ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற அவர், பால்மரத்தோடு நில்லாமல் இவ்வெறும்பையும் கூர்ந்து நோக்கி, 1890ஆம் ஆண்டிலேயே அதன் பழக்கங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்.

முசுறு மண்ணில் வளை தோண்டுவதில்லை. பச்சை இலைகளைப் பறிக்காமலே வளைத்து இணைத்துக் கூடு கட்டுகிறது. ஓர் எறும்பின் வலிமையால் ஓர் இலையை வளைத்தல் இயலாது. எனவே, பல எறும்புகள் இலையின் விளிம்பெங்கும் பரவி நின்று, ஒவ்வொன்றும் தான் நின்ற இடத்தில் இழுத்துப் பார்க்கின்றன. தொடக்கத்தில் அது ஒழுங்கற்ற வேலையாகவே தோன்றும். ஆனால், எங்கேனும் ஓரிடத்தில் இலை சிறிதளவு மடங்கத் தொடங்கிவிட்டால், அருகே வீணே இழுத்துக்கொண்டிருந்தவை தம் பிடியை விட்டுவிட்டு அவ்விடத்திற்கு வந்து சேர்கின்றன. இடைவெளி ஓர் எறும்பின் நீளத்தினும் மிகுதியாயின், ஒன்றன் இடையை மற்றொன்று கவ்விச் சங்கிலியாய்த் தொங்கி இழுக்கின்றன. இவ்வாறு பல சங்கிலிகள் பக்கம் பக்கமாய் அமைந்து இழுக்க, இரண்டு இலைகளின் விளிம்புகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன.

இவ்வேலைக்குக் கட்டளையிட்டது யார்? அரசி எறும்பு அன்று. ஒரு கூட்டம் பல மரங்களில் பற்பல கூடுகளாகப் பரவியிருக்கும். அரசியோ அவற்றுள் ஒரு கூட்டில் முட்டையிட்டுக்கொண்டிருக்கும். எந்த இலையை எந்தப் பக்கம் மடிப்பது என்று அது சொல்லியனுப்புவதில்லை. கங்காணியும் இல்லை, மண்டோரும் இல்லை. இலை எங்கே மடங்குகிறதோ அங்கேதான் தலைமை. பிடியை விட்டு வரத் தெரிந்த மற்ற எறும்புகளே அத்தலைமையை உண்டாக்குகின்றன.

நம் நிலையை எண்ணிப் பார்ப்போம். நாம் சென்று கண்ட ஒரு தோட்டத்தில், தோட்டம் விற்கப்படவிருக்கிறது என்னும் செய்தி பரவியதும், குடியிருப்போர்க்கு மாற்று வீடு வேண்டி ஆலயக் குழுவினர் ஒரு மனு எழுதினர். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் மற்றொன்று எழுதினர். இளைஞர் மன்றத்தார் மூன்றாவதொன்றை எழுதினர். முதல் மனுவிலிருந்த குடும்பக் கணக்கு இரண்டாவதோடு ஒத்திருக்கவில்லை. மூன்றாவதில் கணக்கே இல்லை. மூன்றும் ஒரே அதிகாரியின் மேசைக்குச் சென்றன. எது சரியான கணக்கு என்று அவர் கேட்டெழுதிய கடிதத்திற்கு யார் விடையளிப்பது என்பதிலேயே மேலும் சில திங்கள் கழிந்தன. மூன்று குழுவினரும் சோம்பியிருந்தவர்கள் அல்லர். வேலை முடிந்து வந்து, குளிக்கவும் நேரமின்றி வீடு வீடாகச் சென்று கையொப்பம் வாங்கியவர்கள்தாம். ஒருவரும் தம் பிடியை விட மனங்கொள்ளவில்லை என்பதே அங்கே குறை.

இதற்கு மாறான காட்சியும் நம் வரலாற்றில் உண்டு. 1950ஆம் ஆண்டுகளில் ஆங்கிலேயரின் தோட்டங்கள் பல கைமாறித் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டபொழுது, தொழிலாளர் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்தனர். அந்நிலையில் துன் சம்பந்தன் அவர்கள் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்திய பணமே அதன் முதல். பத்து வெள்ளியைக் கொண்டு பால்மரக் காட்டில் ஒரு நிரையைக்கூட வாங்க இயலாது. எனினும், ஓரிடத்தில் இலை மடங்குவதைக் கண்டு தோட்டந்தோறும் மக்கள் வந்து சேர்ந்தனர். கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டம் அச்சங்கத்தின் முதல் உடைமையாயிற்று.

எறும்பிடம் உள்ளவை யாவும் நல்லவை என்று கொள்ளவேண்டா. அண்டைக் கூட்டத்து எறும்பை எல்லையில் கண்டால் அது கொன்றுவிடும். இனிப்பு நீருக்காக மாவுப்பூச்சிகளைப் பேணி மரத்திற்கு ஊறும் விளைவிக்கும். அண்டைத் தோட்டத்தாரோடு பகைமை பாராட்டுவதற்கு எறும்பிடம் பாடம் கேட்கவேண்டிய நிலையில் நாம் இல்லை. அது நம்மிடம் வேண்டிய அளவு உண்டு.

இலைகளைப் பொருத்தியபின் அவற்றைத் தைக்க வேண்டுமன்றோ? அதற்குரிய நூல் வளர்ந்த எறும்பிடம் இல்லை. புழுப் பருவத்துக் குஞ்சுகளிடமே உள்ளது. வேலைக்கார எறும்பு ஒரு புழுவை மெல்லக் கவ்வி, இவ்விலைக்கும் அவ்விலைக்குமாகக் கொண்டுசெல்ல, அது நூலை விடுகிறது. வேறு பல எறும்பினங்களின் புழுக்கள் அந்நூலால் தம்மைச் சுற்றிக் கூடு செய்துகொள்ளும். முசுறின் புழுவோ பொதுக் கூட்டிற்கே அதனைக் கொடுத்துவிடுகிறது. இளம்பிள்ளைகளை நாற்காலி எடுத்துப் போடுவதற்கு மட்டுமே அழைக்கும் தலைவர்கள் இதனைக் கருதுவார்களாக. பிழையற்ற மலாய் மொழியில் மனு எழுதும் திறன் இன்று அப்பிள்ளைகளிடந்தான் உள்ளது.

முதியோரைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. முசுறுக் கூட்டம் தன் எல்லையோரங்களில் காவற்கூடுகளை அமைக்கிறது. முதலில் போரிட்டு மடியும் அக்கூடுகளில் இருப்பவை இளைய எறும்புகள் அல்ல, முதியவையே என்பதை ஹோல்டோப்ளர் என்னும் ஜெர்மானிய அறிஞர் ஆஸ்திரேலியாவில் ஆராய்ந்து 1983ஆம் ஆண்டில் எழுதினார். நம்மிடையே நடப்பது தலைகீழானது. முதியவர்க்கு மாலையும் பொன்னாடையும் அணிவித்து மேடையில் அமர்த்திவிடுகிறோம். நிர்வாகியிடம் கடினமான செய்தியைப் பேச, நிறுவனத்தின் வேலையையும் வீட்டையும் நம்பிக் குழந்தைகளை வளர்க்கும் இளைஞரை அனுப்புகிறோம். அவர்க்கு அங்கே நா எழாததில் வியப்பென்ன? ஓய்வுபெற்றவர்க்கு இழப்பதற்கு வேலை இல்லை. எக்குடும்பம் எந்த ஆண்டில் எந்த லயத்தில் குடியேறியது, முன்பிருந்த நிர்வாகி எதற்கு உடன்பட்டார் என்பனவெல்லாம் அவர் நினைவில் உள்ளன.

தேநீருக்குப் பின் நீங்கள் தோட்டவாரியாகக் குழுக்களாய் அமர்வீர்கள். ஒரே காரியத்திற்காக உங்கள் தோட்டத்திலிருந்து தனித்தனியே சென்ற மனுக்கள் யாவை, அவற்றுள் எதற்கு விடை வந்துள்ளது என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். விடை வந்த மனுவை எழுதியவர் எக்குழுவைச் சார்ந்தவராயினும், அவர் பெயரைத் தாளின் தலைப்பில் எழுதிக் கொணருங்கள்.