தைப்பனியும் இளங்கன்றும்



மானிப்பாயிலே 1848 முதல் வைத்தியப் பணி செய்து, மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த கிறீன் அவர்களை யாழ்ப்பாணத்தார் அறிவர். அவர் பிறந்த ஊர் அமெரிக்காவின் மசச்சூசெற்சு மாநிலத்திலுள்ள வூஸ்ரர். அவ்வூர்த் தோட்டக்காரர் வசந்தம் பிறந்து மே மாதம் வந்த பின்னரும் உறைபனிக்கு அஞ்சுவர். மாலையிற் கன்றுகளைக் கூடையாலும் பழந்துணியாலும் மூடிக் காலையிலே திறப்பர். ஓரிரவு மறந்தாலும் கன்று கருகிவிடக்கூடும்.

மானிப்பாயில் அத்தகைய குளிர் ஏது? தை மாதத்து இரவிலும் வெப்பநிலை 22, 23 பாகையளவில் நிற்பதே வழக்கம். அவ்வாறாயின், கத்தரி, மிளகாய் நாற்றுமேடைக்கு இரவிலே கிடுகு போடுவது எதற்காக?

முகிலும் காற்றும் இல்லாத இரவிலே இலையானது தன் வெப்பத்தை வானை நோக்கி விட்டு, சூழ்ந்துள்ள காற்றைவிடக் கூடுதலாகக் குளிர்ந்துபோகின்றது. ஆறாயிரம் அடிக்கு மேலுள்ள நுவரெலியாவிலே, காற்று 3, 4 பாகையில் இருக்கும்போதே புல்லிலும் தேயிலைக் கொழுந்திலும் உறைபனி படிவது இதனாலேதான். நம்மூரில் இலை உறையும் அளவுக்குக் குளிர்வதில்லை. காற்றிலுள்ள ஈரம் பனிநீராகி அதன்மேற் படிகின்றது. அந்த ஈரமே நமக்குப் பகை. இலை சில மணி நேரம் நனைந்திருந்தாற் போதும், பூஞ்சணம் முளைத்துவிடும். மேடையும் ஈரமாயிருந்தால் நாற்றழுகல் தொடங்கும். தண்டு மண்மட்டத்திலே வெந்தது போல மெலிந்து, கன்று சாயும். இரண்டு மூன்று நாளில் மேடையே வெறுமையாகிவிடும்.

மீண்டும் விதைக்கலாமே என்பீர்கள். விதைக்கலாம்; ஆனால் மாரி மழை விட்டுச்சென்ற மண்ணீரம் அக்கன்றுக்குக் காத்திராது. அது சித்திரை வெயிலிலே வேர்கொள்ள வேண்டிவரும். கிணறும் வற்றி, சில இடங்களில் உவர்பட்டுவிடும்.

ஆகவே கிடுகு போடும் முறை முக்கியம். மேடையோடு அமுக்கி மூடினால் உள்ளே புழுக்கம் உண்டாகி, தடுக்க நினைத்த நோயையே வளர்த்தவராவோம். இரண்டு முழ உயரத்திற் கம்பு நட்டு, பக்கங்களைத் திறந்துவிட்டுக் கூரையாக இடுக. பொழுதுபடும்போது போட்டு, வெயில் ஏறியதும் எடுத்துவிடுக. உச்சிவெயில் கடுமையாயின் அந்நேரத்துக்கு மறுபடி இடலாம். இந்நாளிற் பலர் கறுப்பு நிழல்வலை கட்டுகின்றனர். வெயிலுக்கு அது நன்று. பனிக்குக் கிடுகே மேல் என்பது என் எண்ணம்.

தண்ணீரைக் காலையிலே ஊற்றுக. பகலெல்லாம் வேலை செய்தவர் மாலையில் ஊற்ற விரும்புவது இயல்பே. அந்த ஈரமோ இரவு முழுவதும் நிற்கும். விதையை நெருக்கமாகத் தூவாது வரிசையாக இடுக. விதைப்பதற்கு முன் மேடையில் வைக்கோலும் உமியும் பரப்பி எரித்தால், மேல்மண்ணிலுள்ள பூஞ்சணம் பெரிதும் அழியும்.

பிடுங்குவதற்கு ஒரு வாரம் இருக்கையிற் கிடுகைச் சிறிது சிறிதாகக் குறைத்துக் கன்றை வெயிலுக்குப் பழக்குக. நிழலிலேயே வளர்ந்த கன்று நெடுநெடுவென்று அழகாயிருக்கும்; தோட்டத்திற் போய்ச் சுருண்டுவிடும். நட்டபின் மேற்குப் பக்கத்தில் ஒரு பனையோலைத் துண்டை ஊன்றிவிடுங்கள். உச்சிவேளையிலும் இலை வாடாது நிற்கும் நாளில் அதைப் பிடுங்கிவிடலாம்.