செலோ ஐயாவுக்குப் பக்கத்தில் யார் நின்றார்?



கதை என்றால் முடிவில் ஒரு நீதி இருக்கும் என்று எதிர்பார்ப்போம். பெரும்பாலும் அது ஏழைக்குச் சொல்லும் புத்திமதியாகவே இருக்கும்: அடங்கி நட, பொறுத்துக்கொள். இன்று நாம் பேசப்போகும் இரண்டு பிலிப்பைன்ஸ் கதைகள் அப்படிப்பட்டவை அல்ல.

முதலாவது, ரொகேலியோ சிகாட் 1960களில் தகாலொக் மொழியில் எழுதிய 'டாட்டா செலோ'. 'டாட்டா' என்பது மூத்தவரை மரியாதையாக அழைக்கும் சொல். நாம் 'செலோ ஐயா' என்போம். கடனுக்காகத் தன் நிலத்தை இழந்தவர் அவர். அதே நிலத்தில் இன்னொருவருக்காக உழுகிறார். ஒருநாள் நிலச் சொந்தக்காரர், "இனி நீ வேண்டாம், போ" என்கிறார். "எனக்கு இன்னும் தெம்பு இருக்கிறது ஐயா" என்று செலோ ஐயா கெஞ்சுகிறார். பதிலுக்குக் கிடைத்தது பிரம்படி. அவர் கத்தியை ஓங்குகிறார். சொந்தக்காரர் சாகிறார்.

அந்த வீட்டில்தான் ஐயாவின் மகள் வேலைக்கு நின்றாள். சுகமில்லாமல் திரும்பி வந்திருக்கிறாள். என்ன நடந்தது என்று எழுத்தாளர் உடைத்துச் சொல்லவில்லை. பெண் பிள்ளையைப் பெற்றவர்களுக்குச் சொல்லவும் தேவையில்லை.

சிறைக் கம்பிகளுக்கு வெளியே ஊரே கூடி நின்று வேடிக்கை பார்க்கிறது. பொலிஸ் தலைவரோ, "நிலம் அவருடையது, வெளியேற்ற அவருக்கு உரிமை உண்டு" என்கிறார். சட்டம் அப்படித்தான் பேசுகிறது.

இரண்டாவது, கார்லோஸ் புலோசான் ஆங்கிலத்தில் எழுதிய 'என் தந்தை நீதிமன்றம் போகிறார்'. பணக்கார வீட்டுச் சமையல் வாசனையை மோந்தே அயல்வீட்டு ஏழைப் பிள்ளைகள் சிரித்துக் கொழுக்கிறார்கள். பணக்காரரின் பிள்ளைகளோ மெலிகிறார்கள். உணவின் சாரத்தைத் திருடிவிட்டார்கள் என்று அவர் வழக்குப் போடுகிறார். தந்தை தொப்பியில் சில்லறையைச் சேர்த்துக் குலுக்குகிறார். "சத்தம் கேட்டதா? வாசனைக்குச் சத்தம் கூலி!" வழக்குத் தள்ளுபடியாகிறது.

இரண்டு கதையிலும் ஏழைதான் குற்றவாளி. ஆனால் இந்தத் தந்தையின் தொப்பியில் பிள்ளைகளும் காசு போட்டார்கள். குடும்பமே பின்னால் நின்றது. செலோ ஐயா தனியாக நின்றார். கொலையைச் சிகாட் புகழவில்லை. ஒரு நல்ல மனிதரை அந்த இடத்துக்குத் தள்ளியது எது என்று கேட்கிறார். கத்தியை ஓங்கிய பிறகு கூடிய ஊர், "போ" என்று சொன்ன அன்றைக்கே கூடியிருந்தால்?

நிஜ நீதிமன்றத்தில் சிரித்து வெல்ல முடியாது என்பது புலோசானுக்குத் தெரியும். 1930இல் அமெரிக்கா போன அவர், அங்கே தொழிலாளர் இயக்கத்தில் சேர்ந்தார். 1952இல் சியாட்டில் நகரில், மீன் பதனிடும் தொழிலாளர் சங்கத்தின் ஆண்டு மலரைத் தொகுத்தவரும் அவரே.

ஆகவே தோழர்களே, வேலை நீக்கக் கடிதமோ வீட்டை விட்டுப் போகச் சொல்லும் கடிதமோ யாருக்கு வந்தாலும், அன்றைக்கே சங்கக் கமிட்டிக்குக் கொண்டு வாருங்கள். வேலைக்குப் போன இடத்திலிருந்து ஒரு பிள்ளை முகம் வாடித் திரும்பினால், அதையும் மறைக்காதீர்கள். கம்பிக்கு வெளியே வேடிக்கை பார்க்கும் ஊராக நாம் இருக்கக் கூடாது.