தெருவுக்கு வந்த மருத்துவம்

பாராமெடிக் என்பவர் மருத்துவமனைக்கு வெளியே, நோயாளி விழுந்து கிடக்கும் இடத்திலும் ஓடும் ஆம்புலன்சிலும் உயிர்காக்கும் சிகிச்சை தருபவர். மருத்துவப் பட்டம் இல்லாத ஒருவரை இந்த வேலைக்கு உருவாக்க முடியும் என்று காட்டிய முன்னோடிப் பயிற்சிகளுள் ஒன்று, 1967ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் தொடங்கிய ஃப்ரீடம் ஹவுஸ் என்னும் ஆம்புலன்ஸ் சேவையின் பயிற்சி.

அன்று அந்த நகரில் நோயாளிகளைக் காவல்துறை வேன்களே ஏற்றிச் சென்றன. பின்புறம் நோயாளி தனியே கிடப்பார். காவலர்கள் முன்னிருக்கையில் இருப்பார்கள். நாட்டில் ஏறத்தாழப் பாதி ஆம்புலன்ஸ் பணி இறுதிச்சடங்கு நிறுவனங்களின் கையில் இருந்தது. ஆளைப் படுக்கவைத்துக் கொண்டுபோகும் வண்டி அவர்களிடம்தான் இருந்தது. விபத்து மரணங்களைக் கவனிக்கப்படாத நோய் என்றே சொன்ன அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் அறிக்கை 1966இல் வந்தது. பிட்ஸ்பர்க்கில் இருந்த மயக்க மருத்துவர் பீட்டர் சஃபார் தம் சிறு வயது மகளை ஆஸ்துமாவுக்குப் பறிகொடுத்ததும் அதே ஆண்டில்தான். மருத்துவமனைக்குள் கிடைக்கும் சிகிச்சையைத் தெருவுக்குக் கொண்டுசெல்லும் இந்த ஃப்ரீடம் ஹவுஸ் பயிற்சியை அவர் வகுத்தார்.

பயிற்சிக்கு வந்தவர்கள் பிட்ஸ்பர்க்கின் ஹில் டிஸ்ட்ரிக்ட் பகுதியின் கறுப்பின மக்கள். பலருக்கு வேலை இல்லை. சிலர் பள்ளிப் படிப்பையே முடிக்கவில்லை. சாதாரண முதலுதவி வகுப்பு சில நாட்களில் முடிந்துவிடும். இவர்களுக்கோ ஏறத்தாழ 300 மணி நேரப் பயிற்சி. உடற்கூறு, உடலியங்கியல், நோயாளியைப் பேணும் முறை, விபத்தின்றி வண்டி ஓட்டும் முறை எல்லாம் அதில் அடங்கும்.

எல்லாவற்றுக்கும் முதல் பாடம் மூச்சுவழி. நினைவிழந்து மல்லாந்து கிடப்பவரின் நாக்கு தளர்ந்து பின்சரிந்து தொண்டையை அடைத்துவிடும். அவர் உயிருக்கு அந்த நொடியில் முதல் எதிரி அவருடைய நாக்கே. நெற்றியில் ஒரு கை வைத்துத் தலையைப் பின்சாய்த்து, மறுகையால் தாடையை உயர்த்தினால் அடைப்பு விலகும். கழுத்தெலும்பு முறிந்திருக்கும் என்ற ஐயம் இருந்தால் தலையைச் சாய்க்கக் கூடாது. தாடையை மட்டும் முன்னே தள்ள வேண்டும். தலையைச் சாய்ப்பது, தாடையை உயர்த்துவது என்னும், கருவி எதுவும் தேவைப்படாத இந்த இரண்டு அசைவுகளும் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கின்றன. இப்படி மூச்சுவழியைத் திறந்தபின் வாய்வழியே ஊதும் மூச்சு நுரையீரலைச் சேர்கிறது என்பதை 1950களின் இறுதியில், தன்னார்வலர்களை மயக்கத்தில் வைத்துச் செய்த சோதனைகளால் நிறுவியவர் சஃபார். இதைப் பழகுவதற்கான ரெசுசி ஆன் பொம்மையை 1960இல் உருவாக்கியவர் நார்வேயின் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்மண்ட் லேர்டல். தலை சரியாகச் சாயாவிட்டால் பொம்மையின் மார்பு உயராது. பிழை கண்ணெதிரே தெரிவதால் கை தானே திருந்தும்.

பொம்மையோடு பாடம் நிற்பதில்லை. மூச்சுக்குழாயில் குழாய் செருகுவதை அறுவை அரங்கில், மயக்க மருத்துவரின் மேற்பார்வையில் பழக வேண்டும். குரல்நாண்களைக் கண்ணால் கண்ட பிறகே குழாய் உள்ளே போக வேண்டும். தவறினால் காற்று வயிற்றுக்குள் போகும். அரங்கில் வெளிச்சமும் உறிஞ்சு கருவியும் அருகே மருத்துவரும் உண்டு. மாடிப்படியின் இருட்டில், வாந்தியும் இரத்தமும் நிறைந்த வாயில், உறவினர் அழுகைக்கு நடுவே அதே வேலையைச் செய்வதுதான் பாராமெடிக்கின் பணி. அதனால் அடுத்த கட்டப் பயிற்சி தெருவிலேயே நடக்கிறது.

1968இல் ஃப்ரீடம் ஹவுஸ் வண்டிகள் ஓடத் தொடங்கின. 1970களின் நடுவில் மருத்துவப் பொறுப்பேற்ற நான்சி கேரலைன் தாமே ஆம்புலன்சில் ஏறிச் சென்றார். ஒவ்வொரு அழைப்பும் முடிந்தபின், என்ன பார்த்தீர்கள், ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று குழுவினரிடம் கேட்டு அலசுவார். இதயத் துடிப்பை வரைபடத்தில் படிப்பது, சிரையில் மருந்து ஏற்றுவது, மருத்துவரிடம் ரேடியோவில் சுருக்கமாக நிலை சொல்வது எல்லாம் இந்த அலசலில் கூர்மையடைந்தன. பாராமெடிக்குகளுக்கான தேசியப் பாடத்திட்டம் இந்த அனுபவத்திலிருந்து உருவானது. ஆனால் 1975இல் நகர நிர்வாகம் தன் சொந்தச் சேவையைத் தொடங்க, ஃப்ரீடம் ஹவுஸ் மூடப்பட்டது. அதன் திறமைசாலிகள் பலர் புதிய அமைப்பில் நிலைக்க முடியாமல் போனது பெரும் அநீதி.

வகுப்பறை, பொம்மை, மருத்துவமனை, தெரு என்னும் அந்த வரிசையில்தான் இன்றும் பல நாடுகளில் பாராமெடிக்குகள் உருவாகிறார்கள். வேலையற்றவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள் கையில் அந்தக் கல்வி உயிர்காக்கும் திறனாயிற்று. படிப்பு பாதியில் நின்ற எந்த இளைஞருக்கும் இப்படியொரு வாசல் திறக்க வேண்டும். மூச்சுவழியைத் திறக்கும் அந்த இரண்டு அசைவுகளை வீட்டுக்கு ஒருவராவது கற்றுக்கொள்ள வேண்டும்.