பரிசு கிடைக்காத நோட்டுப் புத்தகம்

(நமது சங்கத்தின் மும்பைக் கிளை நடத்திய மாணவர் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கிளைத் தலைவர் போன வாரம் போன் செய்து, "மாமா, பத்தாவதிலும் பன்னிரண்டாவதிலும் நல்ல மார்க் வாங்கின குழந்தைகளுக்குப் பரிசு கொடுக்கிறோம். நீங்கள் வந்து நாலு வார்த்தை பேச வேண்டும்" என்றார். நாலு வார்த்தை என்று சொல்லிவிட்டு இருபது நிமிஷம் ஒதுக்கியிருக்கிறார். ரிடையர் ஆன அரசாங்க உத்தியோகஸ்தனிடம் மைக்கைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. காபி தயாராகும் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

பரிசு வாங்கப் போகும் குழந்தைகளைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. நன்றாகப் படித்திருக்கிறீர்கள். அதற்குப் பின்னால் எத்தனை அம்மாக்கள் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து டிபன் டப்பா கட்டியிருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் மார்க்கைப் பற்றிச் சொல்ல என்னிடம் புதிதாக ஒன்றுமில்லை. இந்த மும்பை நகரத்தில் நம்மைச் சுற்றியிருக்கும் பள்ளிகளில் என்னென்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன்.

நான் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் 1970-ல் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. முடித்தவன். வானிலை இலாகாவில் வேலை கிடைத்து, ஊர் ஊராகச் சுற்றிக் கடைசியில் மும்பையில் ஒதுங்கினேன். 2010-ல் ரிடையர் ஆனதும், பக்கத்துக் கட்டடத்தில் இருந்த ஒரு பள்ளி ஆசிரியை, "அங்கிள், விஞ்ஞானக் கண்காட்சிக்கு நடுவராக வருகிறீர்களா?" என்று கேட்டார். அன்று பிடித்துக்கொண்டது. இன்றுவரை வருஷத்தில் ஏழெட்டுப் பள்ளிகளுக்காவது போய் வருகிறேன்.

நம்மவர்களுக்குப் பள்ளி என்றால் முதலில் மாட்டுங்காதான் ஞாபகம் வரும். தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை 1932-ல் எம்.வி. வெங்கடேஸ்வரன் சிறிய அளவில்தான் ஆரம்பித்தார். பிழைக்க வந்த இடத்தில் குழந்தைகளின் படிப்புக்கு ஒரு வழி வேண்டும் என்ற கவலை அது. இன்று அதே சங்கம் கல்லூரிகள் வரை நடத்துகிறது. அதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் அங்கே படித்தவர்கள்.

நமக்கு அதிகம் தெரியாதது, அதே மாட்டுங்காவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் மாநகராட்சிப் பள்ளிகள். மும்பை மாநகராட்சி மராத்தி, ஹிந்தி, உருது, குஜராத்தி, ஆங்கிலம், தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்திவருகிறது. இந்தியாவில் வேறெந்த ஊரின் முனிசிபாலிட்டியையும் இப்படி நான் பார்த்ததில்லை. 2020-க்குப் பிறகு மத்திய போர்டு பாடத்திட்டத்திலும் சில பள்ளிகளை ஆரம்பித்தார்கள். விண்ணப்பங்கள் குவிந்து, குலுக்கல் முறையில் இடம் கொடுக்க வேண்டி வந்தது. மாநகராட்சிப் பள்ளி என்றாலே முகம் சுளித்த காலம் போய், சீட்டு விழவில்லையே என்று பெற்றோர் வருத்தப்பட்டதையும் என் கண்ணால் பார்த்துவிட்டேன்.

விஞ்ஞானத்துக்கும் மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் இந்த ஊரில் பழைய உறவு உண்டு. டாடா ஆராய்ச்சி நிலையத்தின் அங்கமாக 1974-ல் ஹோமி பாபா விஞ்ஞானக் கல்வி மையம் தொடங்கியது. இன்று மான்குர்த்தில் பெரிய வளாகம். சர்வதேச பௌதிக ஒலிம்பியாடை 2015-ல் மும்பையில் நடத்தியது, 2025-ல் வானவியல் ஒலிம்பியாடை நடத்தியது எல்லாம் அந்த மையம்தான். ஆனால் ஆரம்ப நாட்களில் அது இயங்கியது நானா சௌக்கில் ஒரு மாநகராட்சிப் பள்ளிக் கட்டடத்தில்! 1980-களில் வி.ஜி. குல்கர்னியும் அவர் சகாக்களும் மாநகராட்சிப் பள்ளிகளில் படித்த, வசதியில்லாத குழந்தைகளை எடுத்துக்கொண்டு சில வருஷங்கள் பாடம் நடத்தினார்கள். அதில் அவர்கள் கண்ட ஒரு விஷயம் என்னை யோசிக்க வைத்தது. அந்தக் குழந்தைகளுக்கு விஞ்ஞானம் வராமல் இல்லை. பாடப் புத்தகத்தின் பாஷைதான் குறுக்கே நின்றது. பாஷையை எளிமையாக்கியதும் குழந்தைகள் மேலே வந்துவிட்டார்கள்.

இதைப் படித்தபோது 'பேஷ்' என்று தலையாட்டினேன். அந்த பாஷை விஷயத்தில்தான் பின்னால் நானே வழுக்கி விழுந்தேன்.

2012-ம் வருஷம். சயான் பக்கத்தில் ஒரு பள்ளியில் கண்காட்சி. இருபது, இருபத்தைந்து பள்ளிகள் வந்திருந்தன. மூன்று நடுவர்களில் நான் ஒருவன். மற்ற இருவருக்கும் தமிழ் தெரியாது. ஹாலின் நடுவில் பெரிய பள்ளிகளின் மேஜைகள். விளக்கு எரிகிறது, மோட்டார் சுற்றுகிறது, பின்னால் வர்ண பேனர். குழந்தைகள் மணியாக இங்கிலீஷில் ஒப்பிக்கிறார்கள். கடைசியில், தண்ணீர்க் குழாய் பக்கத்தில், ஒரு தமிழ் மீடியம் மாநகராட்சிப் பள்ளியின் மேஜை. ஏழாவது படிக்கும் பெண். எதிரில் ஒரு இரண்டு லிட்டர் கூல்டிரிங்க் பாட்டில், ஒரு நோட்டுப் புத்தகம். அவ்வளவுதான்.

பாட்டிலின் கழுத்துப் பாகத்தை வெட்டி, தலைகீழாகப் புனல் மாதிரி அதிலேயே கவிழ்த்திருந்தாள். ஸ்கேல் ஒன்றை செலோடேப்பால் பக்கத்தில் ஒட்டியிருந்தாள். மழைமானி. மற்ற நடுவர் ஒருவர் ஹிந்தியில் ஏதோ கேட்டார். அவளுக்குப் பதில் தெரிந்தது, ஹிந்திதான் வரவில்லை. இரண்டு வார்த்தை சொல்லி நின்றுவிட்டாள். நான் தமிழன், அதிலும் வானிலை இலாகாவில் மழையை அளந்தே பென்ஷன் வாங்குகிறவன். குனிந்து, "அழகாயிருக்கும்மா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். மணி ஒன்றாகிவிட்டது, பசி. வேறு காரணம் ஒன்றும் சொல்வதற்கில்லை. முதல் பரிசு, மோட்டார் சுற்றிய ஒரு மேஜைக்குப் போயிற்று. அது கடையில் வாங்கிய கிட் என்று பிறகு தெரிந்தது.

சாயங்காலம் கிளம்பும்போது அந்தப் பெண்ணின் டீச்சர் வாசலில் நின்றார். சண்டை போடவில்லை. "சார், நோட்டை மட்டும் ஒருதரம் பார்த்துவிட்டுக் கொடுங்கள்" என்றார். வீட்டுக்கு எடுத்துவந்து, ராத்திரி சாப்பிட்ட பிறகு பிரித்தேன்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை நாலு மாசம். ஒவ்வொரு நாளும் காலை எட்டரை மணிக்கு அளந்த மழை. நம் தேசம் முழுக்க வானிலை நிலையங்களில் மழையை அளக்கும் நேரமும் அதே எட்டரைதான். பாட்டிலின் அடிப்பாகம் மேடும் பள்ளமுமாக இருக்குமே, அதற்காகக் கூழாங்கல் போட்டு, ஒரு கோடு வரை தண்ணீர் ஊற்றி, அந்தக் கோட்டைப் பூஜ்யமாக வைத்திருக்கிறாள். கோட்டுக்கு மேலே பாட்டில் நேராக இருக்கிறது. புனலின் வாய் அகலமும் பாட்டிலின் அகலமும் ஒன்று. ஆகவே ஸ்கேல் காட்டும் உயரம்தான் மழையின் அளவு, கணக்குப் போட வேண்டியதில்லை. இதை யார் சொல்லிக் கொடுத்தார்களோ, அவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. பெருமழை பெய்த ஒரு ராத்திரி, பாட்டில் நிரம்பப் போகிறதென்று அளந்து கொட்டிவிட்டு மறுபடி வைத்து, காலையில் இரண்டையும் கூட்டி எழுதியிருந்தாள்.

தாராவியில் இருக்கும் ஒரு வீட்டின் தகரக் கூரைமேல் அளந்த மழை இது. மும்பையின் மழை என்று நாம் பேப்பரில் படிப்பது கொலாபா, சாந்தாகுரூஸ் ஆகிய இரண்டு நிலையங்களின் கணக்கு. 2005 ஜூலை 26 யாருக்கும் மறக்காது. சாந்தாகுரூஸில் 944 மி.மீ. பெய்தது. அதே நாளில் கொலாபாவில் 73 மி.மீ.தான். ஒரே ஊர்! இரண்டுக்கும் நடுவில் எங்கே எவ்வளவு பெய்தது என்று அன்று சரியாகச் சொல்ல ஆளில்லை. அதற்குப் பிறகுதான் மாநகராட்சி, தீயணைப்பு நிலையங்கள் போன்ற இடங்களில் தானியங்கி மழைமானிகளை வைத்தது. பெரிய விஞ்ஞானிகள் கவலைப்பட்ட அந்தக் கேள்வியைத்தான் இந்தப் பெண் கூல்டிரிங்க் பாட்டிலில் பிடித்து வைத்திருந்தாள். அவள் கணக்கை நிலையங்களின் கணக்கோடு வைத்துப் பார்த்தேன். சில நாள் கொலாபாவை ஒட்டியும் சில நாள் சாந்தாகுரூஸை ஒட்டியும் போகிறது. சில நாள் இரண்டுக்கும் ஒட்டாமல் தனியாக நிற்கிறது. மும்பை மழை அப்படித்தான் இருக்கும்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு ஒரு பக்கம். ஜூலையில் மூன்று நாட்களுக்குக் கட்டம் காலி. பக்கத்தில், "வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. பாட்டில் விழுந்துவிட்டது. அளக்கவில்லை" என்று எழுதியிருந்தாள். முன்நாளையும் பின்நாளையும் பார்த்து ஒரு நம்பரைப் போட்டிருக்கலாம். யாரும் கண்டுபிடிக்க முடியாது.

இந்தச் சபையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு சின்ன ஊரில், ஒரு நாள் காலை தூங்கிப்போய்விட்டேன். ஒன்பதேகாலுக்கு ஓடிப்போய் அளந்து, எட்டரைக்கு அளந்ததாக ரிஜிஸ்டரில் எழுதினேன். ஒருவரும் கேட்கவில்லை. 22 வயதில் பட்டம் வாங்கிய எனக்கு வராத தைரியம் அந்த 12 வயதுப் பெண்ணுக்கு இருந்தது. அவளுக்கு நான் கொடுத்த மார்க், நாற்பதுக்குப் பதினாலு.

மறுநாள் நோட்டோடு அவள் பள்ளிக்குப் போனேன். வகுப்பில் எல்லார் முன்னாலும், "நான் சரியாகப் பார்க்கவில்லை, தப்பு என்னுடையது" என்று சொன்னேன். அவளோடு உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினேன். வெயில் நேரத்தில் பாட்டிலில் இருக்கும் தண்ணீர் ஆவியாகிப் போகுமே, அதை எப்படித் தடுப்பது என்று அவள் என்னைக் கேட்டாள். பரிசை மாற்ற விதியில் இடமில்லை என்று கண்காட்சிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

அன்றிலிருந்து எங்கே நடுவராகப் போனாலும் மாடலைப் பார்ப்பதற்கு முன்னால் நோட்டைக் கேட்கிறேன். குழந்தைக்கு எந்த பாஷை வருமோ அதில் பேசச் சொல்கிறேன், புரியாவிட்டால் டீச்சரைக் கூப்பிட்டுக்கொள்கிறேன். இந்த ஊரில் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. மும்பை விஞ்ஞான ஆசிரியர்கள் 1981 முதல் நடத்திவரும் ஹோமி பாபா பால வைஞானிக் பரீட்சை ஆறாவது, ஒன்பதாவது வகுப்புக் குழந்தைகளுக்கானது. எழுத்துப் பரீட்சையோடு விடாமல் செய்முறை, சொந்தமாகச் செய்த ஆராய்ச்சி, நேர்முகம் எல்லாம் வைக்கிறார்கள். நம் குழந்தைகளும் நிறைய எழுதுகிறார்கள். ஆனால் அதற்கும் கோச்சிங் கிளாஸ் வந்துவிட்டது. ஆராய்ச்சிக்குக் கோச்சிங்! அதைப் பற்றி இன்னொரு நாள் பேசுகிறேன்.

விளையாட்டிலும் இப்படித்தான். 1988 பிப்ரவரியில் ஹாரிஸ் ஷீல்டு பள்ளி கிரிக்கெட்டில் சாரதாஸ்ரம் பையன்கள் டெண்டுல்கரும் காம்ப்ளியும் 664 ஓட்டம் கூட்டு சேர்த்ததை எல்லாரும் சொல்கிறோம். அன்று எதிரில் செயின்ட் சேவியர் பள்ளிக்காகப் பந்து போட்டு அடி வாங்கிய பையன்களில் ஒருவர் சாய்ராஜ் பஹுதுலே. விக்கெட் ஒன்றும் கிடைக்கவில்லை. 2001-ல் அவரும் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடினார். அன்று மைதானத்தில் பரிசு கொடுத்திருந்தால் அவரை யார் கூப்பிட்டிருப்பார்கள்?

சரி, நம் சங்கத்துக்கு வருகிறேன். போன கமிட்டி மீட்டிங்கில், "நம் பரிசுகளில் ஒன்றையாவது, மார்க் பார்க்காமல், அக்கம்பக்கத்துப் பள்ளியில் நல்ல காரியம் செய்த ஒரு குழந்தைக்குக் கொடுப்போம், அங்கத்தினர் வீட்டுக் குழந்தையாக இருக்க வேண்டியதில்லை" என்றேன். நமது பொருளாளர் நியாயமான மனிதர். "மாமா, இது அங்கத்தினர்கள் தங்கள் குழந்தைகளுக்கென்று கொடுத்த பணம். நம்மிலும் கஷ்டப்படும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது?" என்றார். அவர் சொன்னது வாஸ்தவம். எனக்கு உடனே பதில் வரவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு வழி தோன்றியது. என் தர்மபத்தினி காலமான பிறகு, அவள் பெயரில் நான் கட்டி வைத்திருக்கும் பரிசு ஒன்று உண்டு. கணக்கில் முதல் மார்க்குக்கு 5,000 ரூபாய். அது என் பணம். அதை மட்டும் இந்த வருஷம் முதல் நோட்டுப் புத்தகத்துக்கு மாற்றிக்கொள்ளக் கமிட்டி சம்மதித்திருக்கிறது. கணக்கில் முதல் மார்க் வாங்கின குழந்தை கோபித்துக்கொள்ளக் கூடாது. உனக்கு நான் தனியாக ஒரு நல்ல புஸ்தகம் வைத்திருக்கிறேன்.

நம் பத்திரிகையை நாக்பூரிலும் கொல்கத்தாவிலும் படிப்பவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் தெருக்கோடியில் இருக்கும் பள்ளியில் ஆண்டுவிழாவோ கண்காட்சியோ நடந்தால், ரிடையர் ஆனவர்கள் ஒரு மணி நேரம் போய் வாருங்கள். பெரும்பாலான இடங்களில் வந்து பார்க்கத்தான் ஆளில்லை. பணம் அப்புறம்.

இந்த வருஷத்துப் பரிசு ஒரு ஹிந்தி மீடியம் மாநகராட்சிப் பள்ளிப் பையனுக்கு. எட்டாவது படிக்கிறான். மூன்றாவது வரிசையில் அம்மாவோடு உட்கார்ந்திருக்கிறான். அவன் சாலில் காலையில் தண்ணீர் வரும் நேரத்தையும், 20 லிட்டர் வாளி நிரம்ப எத்தனை செகண்டு ஆகிறது என்பதையும் இரண்டு மாசம் எழுதி, நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் என்று கணக்குப் போட்டு, கிராஃப் வரைந்திருக்கிறான். குழாய் திறந்த முதல் பத்து நிமிஷமும் கடைசிப் பத்து நிமிஷமும் எப்படி மாறுகின்றன என்று அதில் நன்றாகத் தெரிகிறது. நாலு கட்டங்கள் காலி. "மாமா கல்யாணத்துக்குப் போயிருந்தேன்" என்று பக்கத்தில் எழுதியிருக்கிறான்.

அவனுக்குத் தமிழ் தெரியாது. இவ்வளவு நேரம் நான் பேசியதில் ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. அதனால் மேடைக்கு வந்ததும் அவனே ஐந்து நிமிஷம் ஹிந்தியில் சொல்லட்டும். என் ஹிந்தியை நம்ப வேண்டாம். மாமிகளில் யாராவது ஒருவர் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லுங்கள். காபி கொஞ்சம் ஆறினால் பரவாயில்லை. செயலாளர் அவர்களே, பெயரைக் கூப்பிடுங்கள்.