மறைந்த உருவைக் காணுதல்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



1993-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ‘மேஜிக் ஐ’ என்னும் படப்புத்தகம் ஒன்று வெளிவந்தது. வாளா நோக்குவார்க்கு அதன் பக்கங்கள் வெறும் வண்ணக் குழப்பமே. நோக்கும் முறை அறிந்தார்க்கோ, அக்குழப்பத்தினின்றும் ஓர் உருவம் தாளைவிட்டு எழுந்து நிற்கும். கண்ணாடியும் வேண்டா, கருவியும் வேண்டா.

இஃது எங்ஙனம் இயலும்? நம் இரு கண்களும் ஏறக்குறைய 6.5 சென்டிமீட்டர் விலகி நிற்றலின், ஒரு பொருளையே சிறிது வேறுபட்ட இரு படங்களாகக் காண்கின்றன. அவ்வேறுபாடு கொண்டே மூளை ஆழத்தை அறிகின்றது. 1838-இல் சார்லஸ் வீட்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர் இதனைக் கருவி அமைத்து மெய்ப்பித்தார். ஹங்கேரியினின்றும் அமெரிக்கா புகுந்த பேலா யூலெஸ் என்பார், 1960-இல் வெறும் புள்ளிகளாலாய இரட்டைப் படங்களை வெளியிட்டார். தனித்து நோக்கின் எதனிலும் உருவம் இல்லை. இரண்டும் மூளையிற் கூடிய பின்னரே அது தோன்றும். ஒரு கண்ணும் காணாததை இரு கண்களும் சேர்ந்து காணுதல் வியப்பன்றோ! 1979-இல் கிறிஸ்டபர் டைலர் என்பார் இரண்டையும் ஒரே படத்துள் அடக்கினார். அதில் ஒரே கோலம் வரிசையாய்த் திரும்பத் திரும்ப வரும். இடக்கண் ஒன்றையும் வலக்கண் அடுத்ததையும் பற்றினால், கோலங்களின் இடைவெளி வேறுபடும் இடமெல்லாம் மேடும் பள்ளமுமாய்த் தோன்றும்.

படத்தை மூக்கருகே பிடித்து, தொலைவிலுள்ள மலையைப் பார்ப்பார்போல் விழிகளைத் தளரவிட்டு, மெல்ல மெல்ல விலக்குக. மங்கலாய்த் தெரியும், தெரியட்டும். பிள்ளைகள் இவ்விடத்தேதான் அவசரப்பட்டுக் கூர்ந்து நோக்கி அனைத்தையும் கெடுத்துக்கொள்கின்றனர்.

நாம் கற்பிக்கும் வகுப்பில் இப்படம் ஒன்றைக் காட்டினோம். 11 வயது மாணவன் ஒருவன் மட்டும் பல நாள் முயன்றும் காணவில்லை; மற்றையோர் நகைத்தனர். அன்னையாரை அழைத்து வினவினோம். “மாறுகண் அதிர்ஷ்டம் என்று விட்டுவிட்டோம், ஐயா” என்றார்.

அதிர்ஷ்டமாவது! படம் தெரியாதார் எல்லார்க்கும் குறையுண்டு என்பதன்று. ஆயினும், இரு விழிகளும் ஒருமுகப்படாவிடின் மூளை ஒன்றன் காட்சியை ஒதுக்கும். நாளடைவில் அக்கண் மழுங்கவும் கூடும். நல்ல கண்ணை நாடோறும் சில மணி நேரம் மூடி, மழுங்கிய கண்ணைப் பணிகொள்ளுதல் மருத்துவர் முறைகளுள் ஒன்று. ஏழு வயதிற்குள் தொடங்கின் பயன் மிகுதி.

எனினும், காலங்கடந்தது என்று அம்மாணவனைக் கைவிடுதற்கில்லை. சூசன் பாரி என்னும் அமெரிக்கப் பேராசிரியை குழவிப் பருவத்திலேயே மாறுகண்ணுற்றவர். சிறுவயதில் அறுவைச் சிகிச்சை பெற்றும் ஆழங்காணாதிருந்தவர். 48-ஆம் வயதில் கண்பயிற்சியால் அதனைப் பெற்று, 2009-இல் நூலாகவும் எழுதினார். அவர்க்கு முதன்முதல் எழுந்து நின்று தோன்றியது, தாம் நாடோறும் பிடித்தோட்டிய காரின் ஸ்டியரிங் சக்கரம்.