கண்ணுக்குத் தெரியாத தணல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நமது கடற்கரையில் கடலை மட்டுமே நம்பிப் பிழைத்த காலம் மாறி வருகின்றது. கரைவலை இழுத்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று தொலைபேசிக் கோபுரங்களில் ஏறுகின்றனர். றேடார் பூட்டிய கப்பல்களில் தொழில் பார்க்கின்றனர். அத்தொழில்களில் மறைந்துள்ள ஓர் அபாயத்தை, அஞ்சி நடுங்காமலும் அலட்சியம் செய்யாமலும், உள்ளபடி அறிந்துகொள்வது நம் கடமையாகும். நுண்ணலைக் கதிர்வீச்சே அது.

சிலாபத்துக்குத் தெற்கே இரணவிலவில் 'அமெரிக்காவின் குரல்' ஒலிபரப்பு நிலையம் அமைக்கப்பட்டபோது, 1990களில் அயலூர் மக்கள் காட்டிய எதிர்ப்பைப் பெரியோர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2016இல் அதன் ஒலிபரப்பு நின்றது. அங்கிருந்து எழுந்தது நுண்ணலையன்று. பத்து முதல் நூறு மீற்றர் வரை நீளமுள்ள சிற்றலை. நுண்ணலையின் நீளமோ ஒரு மீற்றருக்கும் ஒரு மில்லிமீற்றருக்கும் இடைப்பட்டது. ஆயினும் இரண்டுக்கும் ஒரு நியாயம் பொது. அலை எழும் இடத்தை நெருங்கி நிற்பவனுக்கே ஆபத்து அதிகம். வேலிக்கு வெளியே வாழ்வோரின் அச்சம் நாடெங்கும் ஒலித்தது. வேலிக்குள்ளே வேலை செய்பவனின் நலத்தையும் நாம் கேட்கவேண்டாமா?

விளக்கை விட்டு விலக விலக வெளிச்சம் குறைவதை நாம் அறிவோம். பொதுவாகத் தூரம் இரு மடங்கானால் அலையின் வலிமை நாலில் ஒன்றாகும். பத்து மடங்கானால் நூறில் ஒன்றாகும். ஆகவே, கோபுரத்தின் அடியில் நடந்து போகிறவனையும், இயங்கும் அன்ரனாவின் முகத்துக்கு நேரே நின்று வேலை செய்கிறவனையும் ஒன்றாக எண்ணலாகாது.

இவ்வலை என்ன செய்கிறது? சூடாக்குகிறது. 1945ஆம் ஆண்டளவில், றேடார்க் குழலின் அருகே நின்ற பேர்சி ஸ்பென்சர் என்ற அமெரிக்கப் பொறியியலாளரின் சட்டைப்பையிலிருந்த இனிப்பு உருகியது. அதிலிருந்தே நுண்ணலை அடுப்புப் பிறந்தது. உடப்புத் திரௌபதையம்மன் தீமிதிப்பில் தணல் கண்ணுக்குத் தெரிகிறது; அதன் வெம்மை தோலில் படுகிறது. நுண்ணலையோ தோலைக் கடந்து உள்ளே சென்று சூடேற்றவல்லது. உடல் உணருமுன்னே தீங்கு நேர்ந்துவிடலாம். கண்ணின் வில்லையில் இரத்தக் குழாய்கள் இல்லை. ஏறிய சூடு எளிதில் தணிவதில்லை. நுண்ணலைத் தொழிலாளி ஒருவருக்குக் கண்புரை உண்டானதை அமெரிக்க மருத்துவர்கள் 1952லேயே எழுதியுள்ளனர்.

புற்றுநோயைப் பற்றியும் கேட்பீர்கள். உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வு முகவரகம் 2011இல் வானொலி அலைகளைப் 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற வகுப்பில் சேர்த்தது. அது ஐயம், நிரூபணம் அன்று. சூட்டினால் வரும் தீங்கோ ஐயத்துக்கு அப்பாற்பட்டது. சர்வதேச ஆணைக்குழுவின் 2020ஆம் ஆண்டு நெறிகளின்படி, 2 கிகாஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைகள் உடல் முழுவதும் படும்போது, தொழிலாளிக்குச் சதுர மீற்றருக்கு 50 வாற்று எல்லை. பொதுமக்களுக்கு 10 வாற்று. தொழிலாளிக்கு எல்லை உயர்த்தப்பட்டிருப்பது அவன் உடல் இரும்பாலானது என்பதற்காக அன்று; அபாயத்தை அறிந்தவன், பயிற்சி பெற்றவன், கண்காணிக்கப்படுபவன் என்ற நம்பிக்கையினாலேயே. அப்பயிற்சி இல்லையேல் அந்நம்பிக்கை வெறும் ஏமாற்றமே.

ஜெர்மனியில் நடந்ததையும் சொல்லவேண்டும். றேடாரில் பணிசெய்து நோயுற்ற படைவீரர்களின் முறையீட்டை ஆராய்ந்த குழு 2003இல் அறிக்கை தந்தது. றேடாரின் உயர் அழுத்தக் குழல்களிலிருந்து வெளிப்பட்ட எக்ஸ் கதிர்களே அங்கு முக்கிய கேடாகக் காணப்பட்டன. ஆரம்ப காலத்தில் யார் எவ்வளவு கதிரை ஏற்றார் என்பதற்குப் போதிய அளவீடுகள் இருக்கவில்லை. பதிவு இல்லாததால் நோயாளிகள் நீதிக்காக நெடுங்காலம் காத்திருந்தனர்.

ஆகையால் வாலிபர்களே, சில நியமங்களைக் கைக்கொள்ளுங்கள். அன்ரனாவின் முன்னே செல்லுமுன் மின்சாரம் நிறுத்தப்பட்டதா என்று கேளுங்கள். பிறர் அறியாமல் மீண்டும் இயக்காதபடி பூட்டச் சொல்லுங்கள். கதிர்மானி கேளுங்கள். சுழலும் றேடாருக்கு நேர் உயரத்தில் அருகே நிற்காதீர்கள். திறந்த றேடார்ப் பெட்டியைப் பயிற்சியின்றித் தொடாதீர்கள். எந்த நாள், எந்த இடத்தில், எவ்வளவு நேரம் வேலை செய்தீர்கள் என்பதைக் கொப்பியில் குறித்து வையுங்கள். பார்வை மங்கினால் வைத்தியரிடம் தொழிலையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பெரியோர்களே, பிள்ளை கொண்டுவரும் சம்பளத்தை விசாரிக்கும் நாம், அவன் எந்தப் பாதுகாப்போடு ஏறுகிறான் என்பதையும் விசாரிப்போமாக. "நிறுத்தினாற்றான் ஏறுவேன்" என்று சொல்லும் இளைஞனைக் கோழை என்று எவரும் ஏசாதிருக்க, அவனுக்குப் பக்கத்துணையாய் நிற்பது நமது சங்கத்தின் பணியாகட்டும்.